நெல் ஆறும் நேரம்

அரிசி ஆலையின் புது மேனேஜர் சகாயநாதன் வந்த மூன்றாம் நாள், கழுத்தில் கறுப்புக் கயிறு போட்டு ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு களத்தோரம் வந்து நின்றார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் முள் ஓடும், இன்னோர் அழுத்து அழுத்தினால் நிற்கும். அப்படியொரு கடிகாரத்தை அகரவெளியில் அதுவரைக்கும் யாரும் கண்டதில்லை.

"ஏண்டி, சாருக்குத் தாலி கட்டி அனுப்பியிருக்காங்கடி" என்றாள் காத்தாயி.

"யாருடி கட்டுனது?"

"மதராசுக்காரிதான். மூணு மாசம் பயிற்சிக்குப் போயிருந்தாராம்ல? சும்மா விடுவாளுகளா?"

களத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்சத்துக்கும் சிரிப்பு முட்டியது. களத்து மேஸ்திரி அவள், அவளே சிரித்தால் மற்றவர்களை யார் அடக்குவது? "காலைப் பாத்துப் போடுங்கடி, வரி கோணுது" என்று அதட்டிவிட்டு, தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எழுபத்துநாலாம் வருஷத்துப் புரட்டாசி அது. குறுவை அறுத்து, மாயவரம் சாலையில் வண்டி வண்டியாக நெல் கூட்டுறவு ஆலைக்கு வந்துகொண்டிருந்தது. மழை இறங்குவதற்குள் அத்தனையையும் அவித்து, காயவைத்து, அரைத்து, ரேஷன் கடைகளுக்கு அனுப்பியாக வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்கே எல்லாம் விளங்கும். விடியும் முன்னே தொட்டியிலிருந்து அவித்த நெல் ஆவி பறக்க வரும். கூடையில் சுமந்துபோய் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்புவார்கள். பிறகு வரிசையாக நின்று, பாதத்தை எடுக்காமல் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடப்பார்கள். உழுத வயல் மாதிரி களம் முழுக்க வரி விழும். மறுபடி குறுக்கே ஒரு வரி. அடிநெல் மேலே வரும், மேல்நெல் அடியில் போகும். இப்படி இரண்டரை மணி, மூன்று மணி நேரம். அப்புறம் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பொன்னுத்தாய் எழுந்து, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வருவாள். நாலு மூலையிலும் நாலு நெல் பொறுக்குவாள். கடிப்பாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ஒரு சமயம் மட்டும் துப்பிவிட்டு, "அள்ளுங்கடி!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான், இருபத்திரண்டு பேரும் பாய்ந்து, பாதி காய்ந்த நெல்லைச் சுட்ட சூட்டோடு அம்பாரமாகக் குவித்துச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். நெல் உள்ளுக்குள் புழுங்கி ஆறும். ஒன்றரை மணியோ, இரண்டு மணியோ, அது நெல்லைப் பொறுத்தது. அதன் பிறகுதான் திரும்பவும் கலைத்து இரண்டாம் வெயில்.

நெல் ஆறும் நேரத்தில் பெண்கள் புங்க மரத்தடியில் உட்காருவார்கள். பழையது, சுட்ட கருவாடு, உரித்த வெங்காயம். காத்தாயி பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். நாளைக்கு யார் வரமாட்டார்கள், யாருக்கு யாரோடு முகம் கொடுத்துப் பேச்சில்லை, யாரை யார் பக்கத்தில் வரி போட விடக்கூடாது என்பதையெல்லாம் அம்சம் அந்த மரத்தடியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுநாள் வரிசையை மனசில் அடுக்குவாள்.

முன்பிருந்த மேனேஜர் இளையபெருமாள் பத்தரைக்கு வருவார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்ன அம்சம், எல்லாம் நடக்குதா?" என்பார். "நடக்குதுங்க." "நடக்கட்டும்." ஐந்து வருஷமும் அவர் செய்த நிர்வாகம் அதுதான். ஆலையும் நடந்தது.

சகாயநாதன் அப்படியில்லை. நாகப்பட்டினத்துக்காரர், முப்பது தாண்டாத வயது. விடியலில் கொதிகலன் ஊதுவதற்கு முன்னால் வந்து நிற்பார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களை "வாங்க, போங்க" என்று கூப்பிட்ட முதல் மேலதிகாரி அவர்தான். முதல் நாள் "அம்சம்மா, நீங்கதான் மேஸ்திரியா?" என்று கேட்டபோது அம்சம் யாரையோ கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கடிகாரம் வெறும் வேடிக்கையும் அல்ல. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "கூடை தூக்குறவங்க ஏன் கொதிகலன் கட்டடத்தைச் சுத்திப் போறீங்க?" என்று கேட்டார். முதல் நாள் யாரோ சுற்றிப் போனார்கள், எல்லோரும் சுற்றிப் போனார்கள். மறுநாளே கொத்தனாரை வைத்துக் குறுக்குச் சுவரை உடைத்து ஒரு வழி விட்டார். ஒரு நடைக்கு நாற்பத்தெட்டு தப்படி மிச்சம்.

"அஞ்சு வருஷமா நம்ம கண்ணு எங்கடி போச்சு?" என்று அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் மேல் அவளுக்கு ஒரு மரியாதை.

ஆனால் ஒரு குறை. களத்தில் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள். சகாயநாதனோ நாடா கட்டிய பூட்ஸ் போடுகிறவர். அவிழ்த்துக் கட்டச் சோம்பலோ, சுடும் என்ற பயமோ, மூன்று வாரமும் களத்தோரத்திலேயே நின்று பார்த்தார், எழுதினார். நெல்லை அவர் கால் தொடவே இல்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் ஆபீஸ் வாசலில் ஓர் அட்டவணை ஒட்டினார்கள். அம்சத்தின் புருஷன் ஐயாவு அங்கே மூட்டை தூக்குகிறவன். கட்சிப் படிப்பகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவன். அவன்தான் பெண்களுக்கு வாசித்தான். ஒவ்வொருத்தி பேருக்கும் நேராக வேலை செய்த நிமிஷம், நடந்த நிமிஷம், கடைசியில் 'சும்மா இருந்த நேரம்' என்று ஒரு கட்டம். கீழே ஒரு குறிப்பு: வரும் வியாழன் முதல் நெல் இடையில் குவிக்கப்படாது, ஒரே மூச்சில் காயும், பிற்பகலில் இரண்டாவது ஈடு நெல் களத்தில் விழும். பதினேழு பேர் போதும். ஐந்து பேர் வியாழன் முதல் வர வேண்டாம்.

ஐந்தாவது பேரை வாசிக்காமல் ஐயாவு நின்றான்.

"யாருண்ணே?" என்று கேட்டாள் காத்தாயி.

"எந் தங்கச்சி" என்றான். "சும்மா இருந்த நேரம், நாலு மணி அம்பது நிமிஷம்."

பொன்னுத்தாய் அண்ணன் பக்கம் பார்க்காமல் குனிந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டாள்.

அந்த முட்டி உடைந்த கதை ஊருக்கே தெரியும். அறுபத்தொன்பதாம் வருஷம் கூலி நெல் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, பெரிய பண்ணையின் ஆட்கள் அவர்கள் தெருவுக்குள் கம்போடு புகுந்தார்கள். அதில் விழுந்த அடி. கட்டினவனும் நொண்டியோடு வாழமாட்டேன் என்று போய்விட்டான். பண்ணையார் அந்தத் தெருவுக்கே வேலை இல்லை என்றார். "தை பொறக்கட்டும், தானா வந்து கொல்லைப்பக்கம் நிப்பாளுக" என்றாராம். அந்தத் தைக்கு முன்னாலேயே ஆலை வந்துவிட்டது. பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்து, அவர் நிலத்தைப் பேத்தி பேரிலும் மச்சினி பேரிலும், கடைசியில் வளர்த்த பூனை பேரிலும்கூட எழுதினார் என்று ஊர் சிரித்தது. ஐந்து தை பிறந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்ணும் போய் நிற்கவில்லை.

இப்போது ஐந்து பேர் வெளியே. ஆலையை விட்டால் சுற்றுவட்டத்தில் வேலை என்று இருப்பது அந்தப் பண்ணை ஒன்றுதான்.

அம்சம் நேரே ஆபீசுக்குப் போனாள்.

"சார், நெல்லு நடுவுல ஆறணும் சார்."

"ஏன்?"

"ஆறலைன்னா ஒடைஞ்சிடும்."

"எவ்வளவு நேரம் ஆறணும்?"

"ஆறுற வரைக்கும்."

"அது எப்படித் தெரியும்?"

"பொன்னுத்தாயி கடிச்சுப் பாத்துச் சொல்லும்."

சகாயநாதன் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் ஏளனமில்லை, அதுதான் அம்சத்துக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. "அம்சம்மா, நான் மேல எழுதணும். 'ஒரு அம்மா கடிச்சுப் பாத்துச் சொன்னாங்க'ன்னு எழுத முடியுமா? இளையபெருமாள் சார் காலத்துல குவிச்சதுக்கு எவ்வளவு நொய், குவிக்காததுக்கு எவ்வளவுன்னு எங்கயாவது இருக்கா?"

"அவரு ஒண்ணும் எழுத மாட்டாருங்க."

"அப்ப எதை வச்சு நம்புறது? மழை வருது, நெல்லு மலையா கெடக்கு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கணக்கு இப்படிச் சொல்லுது."

தெரிந்ததைச் சொல்லத் தெரியவில்லையே என்ற வெட்கத்தோடு அம்சம் வெளியே வந்தாள்.

ஊரில் சேதி மனுஷனை விட வேகமாக நடக்கும். புதன்கிழமை வாய்க்கால் படித்துறையில் பொன்னுத்தாய் துணி அலசிக்கொண்டிருந்தபோது பண்ணைக் காரியக்காரன் துரைராசு சைக்கிளை நிறுத்திக் காலூன்றினான்.

"என்ன பொன்னுத்தாயி, மில்லுல சீட்டைக் கிழிச்சுட்டாங்களாமே? அய்யா ஒன்னையத்தான் கேட்டாரு. மாட்டுக் கொட்டாயில சாணி அள்ள ஆளு வேணுமாம். நொண்டிக் காலுக்குத் தோதான வேலை. கொல்லைப்பக்கமா வந்துடு."

பொன்னுத்தாய் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். தண்ணீர் துரைராசுவின் வேட்டி வரைக்கும் தெறித்தது. "கல்லுக்குக் கண்ணு இல்லீங்க, யாரு மேல தெறிக்குதுன்னு அதுக்குத் தெரியாது" என்றாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரம். அம்சம் அடுப்பில் கத்திரிக்காய்க் குழம்பைக் கூட்டிவிட்டு, ஊதாங்குழலைக் கீழே வைத்தாள்.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்றாள். "நாளைக்குத் தாளுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே செய்யப்போறோம். ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லாம. குவிக்க வேணாமா? குவிக்கலை. அரைக்கையில பாதி நொய்யா கொட்டட்டும். அப்பறம் அவரே வந்து கூப்பிடுவாரு."

"நல்ல யோசனைதான்" என்றான் ஐயாவு. "சொன்னதைச் செஞ்சதுக்கு யாரும் சீட்டைக் கிழிக்க முடியாது."

பொன்னுத்தாய் முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த அரிசி?" என்றாள்.

"எந்த அரிசி?"

"ஒடையப்போற அரிசி. நூத்து இருவது மூட்டை."

"ஒடையட்டும்ங்கிறேன். ஒனக்காகத்தானடி செய்யுறேன்!"

"அது எங்க போவும் அண்ணி? ரேஷன் கடைக்குத்தான? வாங்குறது யாரு, பண்ணையாரா? நம்ம மாதிரி ஒருத்தி வாங்கி ஒலையில போட்டுக் கஞ்சியாக் கொழைஞ்சுபோயி, 'எந்த மூதேவி காயவச்சதோ'ம்பா. நம்ம களத்துல காஞ்ச நெல்லைப் பாத்து இதுவரைக்கும் ஒருத்தி அப்படிச் சொன்னதுண்டா?"

"அப்ப நீ சாணி அள்ளப் போறியா?"

"அதுக்கும் போகமாட்டேன்."

"பின்ன என்னதான் செய்யச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? மேஸ்திரி நீதான்" என்று சொல்லிவிட்டுப் பொன்னுத்தாய் மறுபடி பொறுக்கத் தொடங்கினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

வியாழன் விடிந்தது. வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. பதினேழு பேரும் வரி போட்டார்கள். சகாயநாதன் களத்தோரம் கடிகாரத்தை அழுத்தி நின்றார். காத்தாயிகூடக் கடிகாரத்தைக் கேலி பண்ணவில்லை.

பத்து மணி சுமாருக்குப் பொன்னுத்தாய் தூக்குச் சட்டியில் அம்சத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே விட அன்றைக்குச் சீட்டு இல்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். வேலியோரம் சிதறிக் கிடந்த நெல்லில் நாலைக் குனிந்து எடுத்தாள். பழக்கம், வேறென்ன? வாயில் போட்டுக் கடித்தாள்.

அம்சம் அதைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். காலுக்கடியில் நெல் சலசலவென்று பேச ஆரம்பித்திருந்தது. ஈரம் போகப் போக அந்தச் சத்தம் மாறும். அது அவளுக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

"அண்ணி!" என்றாள் பொன்னுத்தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு. அம்சம் திரும்பவில்லை.

"அண்ணி, பதம் போவுது! ஒனக்குத் தெரியலையா?" பெண்கள் நின்றுவிட்டார்கள். கம்பி வேலியைக் குலுக்கிக்கொண்டு, தனக்காக நடக்கிற காரியத்தைத் தானே கெடுக்கிறோம் என்று தெரிந்தே, பொன்னுத்தாய் கத்தினாள்: "அள்ளுங்கடீ!"

அம்சத்துக்கு அப்புறம் யோசனையே இல்லை. கைகள் தானாக நெல் தள்ளும் பலகையைத் தேடின. "கெழக்கால இருந்து வாங்கடி! ஓடுங்க!" என்று அவள் குரல் கொடுத்தபோது பதினேழு பேரும் நெல்லின் மேல் விழுந்தார்கள். அள்ளினார்கள், தள்ளினார்கள், குவித்தார்கள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" சகாயநாதன் ஓடி வந்து களத்து விளிம்பில் நின்றுவிட்டார். "என்ன செய்யுறீங்க? என் சோதனையையே கெடுத்துட்டீங்க!"

அதற்குள் கிழக்குப் பாதி அம்பாரமாகி, சாக்கும் ஏறிவிட்டது. மேற்குப் பாதிக்குப் பெண்கள் போனபோது அம்சம் ஒரு பிடியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "விட்டுடுங்கடி. இது போயிடுச்சு. இருவத்திரெண்டு பேரு இருந்திருந்தா அதுவும் தப்பிச்சிருக்கும்."

பிறகு மேனேஜர் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனால் முகம் நிமிர்ந்துதான் இருந்தது.

"கெடுக்கலை சார். மேக்கால பாதி உங்க தாளுப்படி. கெழக்கால பாதி எங்க வழக்கப்படி. ஒரே நெல்லு, ஒரே அவியல், ஒரே வெயிலு. தனித்தனியா அரைச்சுப் பாருங்க. எங்களுது தப்புன்னா அஞ்சு பேரு இல்லை, ஆறு பேருடைய சீட்டைக் கிழிங்க. ஆறாவது நான்."

சகாயநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதை நிறுத்தினார். கோபம் இருந்தது. ஆனால் படித்த படிப்புக்கு உண்மையாக இருக்கிற மனுஷன். அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை.

"சரி" என்றார்.

மேற்குப் பாதி மூட்டைகளுக்குச் சணல் கட்டினார்கள். கிழக்குப் பாதிக்கு, ஆறவைத்து இரண்டாம் வெயிலும் காட்டிய பிறகு, வைக்கோல் பிரி. ஒரு நாள் ஆறவிட்டு, சனிக்கிழமை காலை இரண்டையும் ஐயாவு தன் முதுகிலேயே சுமந்துபோய் அரவைக்குக் கொட்டினான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

சகாயநாதன் மேசையில் இரண்டு வெள்ளைத் தாள் விரித்து, தானே எண்ணினார். ஒவ்வொன்றிலும் நூறு அரிசி. சன்னலில் பெண்களின் தலைகள். சணலில் முப்பத்துநாலு உடைசல். பிரியில் ஒன்பது. அவர் நம்பவில்லை. அந்தந்த அரிசியைக் கிளறி, வேறு இடத்தில் அள்ளி மறுபடி எண்ணினார். முப்பத்தேழு, எட்டு. மூன்றாம் முறையும் எண்ணினார். முப்பத்துமூன்று, பதினொன்று.

"இன்னும் எண்ணுவாரோ?" என்று காத்தாயி கிசுகிசுத்தாள்.

"எண்ணட்டும்டி" என்றாள் அம்சம். "அவரு வேலையை அவரு ஒழுங்காச் செய்யுறாரு."

சகாயநாதன் மூன்று எண்ணிக்கையையும் தாளில் எழுதினார். அவர் எழுந்து வெளியே வருவதற்குள் பெண்கள் களத்தில் காயும் நெல்லுக்குத் திரும்பியிருந்தார்கள். களத்தோரம் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். காலுறையைக் கழற்றி உள்ளே சுருட்டி வைத்தார். களத்தில் காலை வைத்தாரோ இல்லையோ, "அய்யோ!" என்று ஒரு துள்ளல். மறுகாலை வைத்தார், இன்னொரு துள்ளல். இந்த முறை யாரும் முந்தானையால் வாயைப் பொத்தவில்லை. களமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"பாதத்தைத் தூக்காதீங்க சார், நெல்லுக்குள்ள இழுத்துக்கிட்டு வாங்க. சுடாது" என்றாள் அம்சம்.

அவர் இழுத்து இழுத்து அவளிடம் வந்து சேர்ந்தார். "பொன்னுத்தாயம்மாவைக் கூப்பிட்டு விடுங்க" என்றார். "மத்த நாலு பேரையும். குவிக்க எத்தனை கை வேணும்னு என் கணக்குல நான் பார்க்கவே இல்ல."

"இனிமே அந்தக் கடியாரம் சார்?"

"அது வேணும். அவங்க 'அள்ளுங்க'ன்னு சொல்றப்ப நான் மணி எழுதிக்கறேன். 'கலைங்க'ன்னு சொல்றப்பவும் எழுதிக்கறேன். முப்பது நாள். அப்ப மேல எழுத எங்கிட்டயும் ஏதாவது இருக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

"அன்னைக்கு எனக்கும் ஒழுங்காச் சொல்லத் தெரியலை சார்" என்றாள் அம்சம். "ஆனா ஒண்ணு. மேல எழுதுறப்ப எங்க பேரும் அதுல இருக்கணும்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கேயே எழுதினார். எழுதினதை ஐயாவு வந்து வாசித்தான், எல்லோருக்கும் கேட்கும்படி, எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி: "களத்து மேஸ்திரி, அம்சம். பதம் பார்ப்பவர், பொன்னுத்தாய்." அட்டவணையில் 'சும்மா இருந்த நேரம்' என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. அதன் மேலே புது மையில், 'நெல் ஆறும் நேரம்.'

திங்கட்கிழமை காலை பொன்னுத்தாய் ஆலைக்குக் கிளம்பினாள். வாய்க்கால் மேட்டு வழியாகப் போனால் கிட்டத்தில்தான். அவள் அன்றைக்குக் கடைத்தெரு வழியாகப் போனாள், பண்ணை வாசலைக் கடந்து. சலவைச் சேலை. காலைச் சாய்த்துச் சாய்த்து, அவசரமில்லாமல், தெருவின் நடுவே.

துரைராசு பாலத்து முகப்பில் சைக்கிளைக் குறுக்கே போட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "என்ன பொன்னுத்தாயி, மில்லுல மறுபடியும் சேத்துக்கிட்டாங்களாமே? கையைக் காலைப் பிடிச்சியா?"

"சேத்துக்கலைங்க" என்றாள் பொன்னுத்தாய். "கூப்பிட்டு விட்டாங்க."

பிறகு நின்று, அந்தச் சைக்கிளைப் பார்த்தாள்.

"நெல்லு வெயில்ல கெடக்கு. வழியை விடுங்க."

துரைராசு சைக்கிளை எடுத்தான்.